அத்தானின் நோட்டில் மூன்று பத்தி

கோவில்பட்டியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அத்தான் ஒரு நாற்பது பக்க நோட்டை என் முன்னால் வைத்தார். பலசரக்குக் கணக்கு எழுதுகிற மாதிரி கோடு போட்டு மூன்று பத்தி. மேலே இல்லினாய், விஸ்கான்சின், பர்டூ என்று மூன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தலைப்பு. கீழே வரிசையாக அங்கே படித்துப் பேர் வாங்கியவர்கள். யூடியூப் ஆரம்பித்தவர், நிலாவில் கால் வைத்தவர், இரண்டு முறை நோபல் வாங்கியவர், ஐபிஎம் தலைவர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மார்க் வேறு. கூட்டிப் பார்த்தால் இல்லினாய்தான் முதலிடம்.

"அப்போ இதுக்கே அனுப்பிருவோம், என்ன சொல்லுத?" என்றார்.

அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். எலெக்ட்ரானிக்ஸ் முடித்தவள். எம்.எஸ். படிக்க மூன்று இடத்திலிருந்தும் அட்மிட் வந்திருந்தது. வங்கிக் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தை வைக்க வேண்டும். அதனால் இந்த நோட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பத்திரமும் பெயர்ப் பட்டியலும் ஒரே மேசையில் கிடந்தன.

மூன்றுமே அரசுப் பல்கலைக்கழகங்கள். விஸ்கான்சின் 1848, இல்லினாய் 1867, பர்டூ 1869. லிங்கன் 1862-ல் கையெழுத்திட்ட மோரில் சட்டம் அரசு நிலத்தை விற்று வரும் பணத்தில் வேளாண்மையும் இயந்திரத் தொழிலும் சொல்லித்தரச் சொன்னது. மூன்றும் அந்தச் சட்டத்தின் பயனை அனுபவித்தவை. சிகாகோவிலிருந்து மூன்றுக்கும் இரண்டரை மணி நேரத்துக்கு முன்பின்னாகக் காரில் போய்விடலாம். மாணவர் எண்ணிக்கை ஒவ்வொன்றிலும் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். படிப்பு முடிந்ததும் பொறியியல் மாணவர்கள் வேலை பார்க்கக் கிடைக்கும் ஓராண்டும், அதற்கு மேல் நீட்டிக்கும் இரண்டாண்டும் மூன்றிலும் ஒன்றுதான். வேலை விசாவுக்கான குலுக்கலும் ஒன்றுதான். ஆக, ஒப்பிட வேண்டியது இவற்றையெல்லாம் தாண்டி இருக்கிறது.

முதலில் நோட்டைத் திருத்த வேண்டியிருந்தது.

ஹர்கோவிந்த் கொரானாவை விஸ்கான்சின் பத்தியில் அத்தான் மாணவராக எழுதியிருந்தார். கொரானா 1960 முதல் 1970 வரை அங்கே ஆராய்ச்சி செய்தவர். 1968-ல் நோபல் வாங்கியதும் அங்கிருந்தபோதுதான். ஆனால் அங்கே படித்தவரல்ல. ஜான் பார்டீன் கதை நேர் எதிர். இயற்பியலுக்கான நோபலை இரண்டு முறை வாங்கிய ஒரே ஆள். அவர் இளங்கலையும் முதுகலையும் படித்தது விஸ்கான்சினில், 1951-லிருந்து பாடம் நடத்தியது இல்லினாயில். அத்தான் அவரை இரண்டு பத்தியிலும் எழுதி இரண்டு முறையும் மார்க் போட்டிருந்தார். அவர் வாங்கியதும் இரண்டு நோபல்தானே, அதனால் நான் அதில் கை வைக்கவில்லை.

இயற்கை ஆர்வலர் ஜான் மியூர், கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், அட்லாண்டிக்கைத் தனியாகப் பறந்து கடந்த லிண்ட்பர்க் மூவரும் விஸ்கான்சின் பட்டியலில் எப்போதும் இருப்பார்கள். மூவரும் பாதியில் விட்டுப் போனவர்கள். லிண்ட்பர்க் மார்க் இல்லாமல் வெளியேறியவர். பேர் வாங்கிய பிறகு கௌரவப் பட்டம் கொடுத்து உள்ளே சேர்த்துக்கொள்வது எல்லா ஊரிலும் நடப்பதுதான். யூடியூப் தொடங்கிய மூவரில் இருவர், ஸ்டீவ் சென்னும் ஜாவேத் கரீமும், இல்லினாயில் படித்தவர்கள். அவர்களும் படிப்பு முடியும் முன்பே பேபால் என்ற இணையப் பணப் பரிமாற்றக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். கரீம் பிறகு பாடங்களை முடித்துப் பட்டம் வாங்கினார்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. அதை அவள்தான் கண்டுபிடித்தாள். "மாமா, இதுல பாதிப் பேர் பன்னிரண்டாவது முடிச்சிட்டுப் போய் நாலு வருஷம் இருந்தவங்க. நான் போறது ரெண்டு வருஷம்."

சரிதான். பதினெட்டு வயதில் போய் விடுதியில் நண்பர்களோடு கம்பெனி ஆரம்பிக்கிறவன் வாழ்க்கை வேறு. இருபத்திரண்டு வயதில் கடனோடு போய் இறங்கி முதல் செமஸ்டரிலேயே இன்டர்ன்ஷிப்புக்கு அலைகிறவள் வாழ்க்கை வேறு. இளங்கலைக்காரர்களை எல்லாம் பென்சிலால் அடித்தோம். நோட்டு காலியாகிவிடும் என்று நினைத்தேன். காலியாகவில்லை, ஆனால் ஆட்கள் மாறினார்கள்.

இல்லினாயை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மார்க் ஆண்ட்ரீசன் பெயர் பெரிது. 1993-ல் எரிக் பீனாவோடு சேர்ந்து மொசைக் என்ற பிரௌசரை எழுதினார். படத்தையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் காட்டி வலைத்தளங்களைச் சாதாரண ஜனங்களிடம் கொண்டுபோன பிரௌசர் அது. அவர் அப்போது இளங்கலை மாணவர், மணிக்கு 6.85 டாலருக்குப் பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே பார்த்தார் என்பதுதான் விஷயம். தேசிய அறிவியல் நிறுவனம் பணம் கொடுத்து 1986-ல் அந்த வளாகத்தில் திறந்த சூப்பர்கம்ப்யூட்டர் மையத்தில். அந்த மையம் வேறு ஊரில் இருந்திருந்தால் அவர் பெயர் இல்லினாய் பட்டியலுக்கு வந்திருக்காது. இன்னொன்று, அவர் கம்பெனி தொடங்கியதும் மொசைக் என்ற பெயரை வைத்துப் பல்கலைக்கழகம் சண்டைக்கு வந்தது. கம்பெனி பெயரை நெட்ஸ்கேப் என்று மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது புகழ்பெற்ற முன்னாள் மாணவர் என்று போடுகிறார்கள்.

அவளோடு ஒப்பிடத் தகுந்த இல்லினாய்க்காரர் ராபர்ட் ஷ்ரீஃபர். பார்டீனிடம் முனைவர் பட்ட மாணவராக இருந்தவர். பார்டீன் ஒரு தாளில் பத்துக் கணக்குகளை எழுதி வைத்திருந்தார். பத்தாவது மீக்கடத்தல், அதாவது குளிரூட்டினால் சில உலோகங்களில் மின்தடை முழுதாக மறைந்துபோவது ஏன் என்ற கேள்வி. ஏறக்குறைய ஐம்பது வருடமாக யாருக்கும் பிடிபடாதது. ஷ்ரீஃபர் அதை எடுத்தார். ஒரு கட்டத்தில் வெறுத்துப்போய் வேறு கணக்குக்கு மாறிவிடலாமா என்று கேட்டார். பார்டீன் அப்போது முதல் நோபலை வாங்க ஸ்டாக்ஹோம் புறப்பட்டுக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு மாதம் பார், நான் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் நியூயார்க் சுரங்க ரயிலில் உட்கார்ந்திருந்தபோது ஷ்ரீஃபருக்கு அந்தச் சமன்பாடு பிடிபட்டது. பார்டீன், அவர்களோடு சேர்ந்து ஆராய்ந்த கூப்பர், ஷ்ரீஃபர் மூவருக்கும் 1972-ல் நோபல். இந்தக் கதையில் பல்கலைக்கழகத்தின் பங்கு என்ன? பத்துக் கணக்கு எழுதி வைத்திருந்த ஓர் ஆசிரியர், ஒரு மாதம் பொறு என்று சொல்ல அவர் இருந்தார். பெயர்ப் பட்டியலில் இது எங்கேயும் தெரியாது.

பார்டீனின் முதல் மாணவர் நிக் ஹோலன்யாக். 1962-ல் கண்ணுக்குத் தெரியும் ஒளி தரும் எல்.இ.டி.யைச் செய்து காட்டியவர், மறு வருடமே இல்லினாய்க்கு ஆசிரியராகத் திரும்பினார். அப்புறம் கிறிஸ் லாட்னர். இளங்கலையை வேறிடத்தில் முடித்துவிட்டு இல்லினாய்க்கு வந்து, விக்ரம் அட்வே என்ற பேராசிரியரோடு எல்.எல்.வி.எம். என்ற கம்பைலர், அதாவது எழுதிய புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள், வேலையைத் தொடங்கினார். இன்று ஐபோன் ஆப்கள் அதன் வழியாகத்தான் வருகின்றன. ஐபிஎம் தலைவர் அர்விந்த் கிருஷ்ணாவும் இங்கே முனைவர் பட்டம் வாங்கியவர். குன்னூர் ஸ்டேன்ஸ் பள்ளியில் படித்தவர் என்று சொன்னதும் அத்தான் அரை மார்க் கூட்டினார்.

இவர்கள் எல்லோரும் ஆய்வேட்டோடு படித்தவர்கள். அவளுக்கு இல்லினாயிலிருந்து வந்திருந்த கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். அது எம்.எஸ். இல்லை, மாஸ்டர் ஆஃப் இன்ஜினியரிங். பாடம் படித்து, பரீட்சை எழுதி, மூன்று செமஸ்டரில் வெளியே வருகிற படிப்பு. ஆய்வேடு கிடையாது. உதவித்தொகை பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. மட்டமான படிப்பு என்று சொல்லவில்லை. மென்பொருள் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பிள்ளைக்கு அதுதான் சரி. வளாகத்தை ஒட்டி இருக்கும் ரிசர்ச் பார்க்கில் கம்பெனிகள் அலுவலகம் போட்டு செமஸ்டர் நடக்கும்போதே மாணவர்களை வேலைக்கு எடுக்கின்றன. முன்னாள் மாணவர் உறவும் அங்கே நிஜம். 1997-ல் படித்து முடித்த மேக்ஸ் லெவ்சின் பேபால் ஆரம்பித்தபோது இல்லினாயிலிருந்துதான் நிறையப் பேரை இழுத்தார். யூடியூப் ஆட்கள் அப்படிப் போனவர்கள்தான். ஆனால் இவளுக்கு வேண்டியது ஆய்வுக்கூடத்துக்குள் போய்வர அனுமதி அட்டை. ஷ்ரீஃபர் நுழைந்த கதவு வேறு, இந்தக் கடிதம் திறக்கும் கதவு வேறு. ஒரே பெயர்ப் பலகைக்கு அடியில் இரண்டும் இருக்கின்றன.

விஸ்கான்சினைப் பற்றிப் பேசினால் எனக்குப் பட்டியலே தேவையில்லை, ஒரு மாட்டுக் கதை போதும். 1933-ல் ஒரு பனிப்புயல் நாளில் ஒரு விவசாயி ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டி, விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இருக்கும் மேடிசனுக்கு வந்தார். வண்டியில் செத்த கிடாரி ஒன்று, கெட்டுப்போன வைக்கோல் ஒரு கட்டு, ஒரு பால் கேன் நிறைய ரத்தம். ரத்தம் உறையவே இல்லை. மாடுகள் ரத்தம் ஒழுகிச் சாகின்றன, என்ன செய்வது என்று கேட்டார். கார்ல் பால் லிங்க் என்ற உயிர்வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் போய் நின்றார். கையில் பதில் இல்லை, மாட்டுக்கு அந்த வைக்கோலைப் போடாதே என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் அந்தக் கேனை அவர்கள் கொட்டிவிடவில்லை. வைக்கோலில் இருந்த பொருளைப் பிரித்தெடுக்க ஆறு வருடத்துக்கு மேல் ஆனது. அதிலிருந்து பிறந்ததுதான் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின். முதலில் எலி மருந்து, 1954-லிருந்து மனிதர்களுக்கு. இதய வால்வு மாற்றிக்கொண்டவர் வீட்டில் இருந்தால் இந்தப் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயரின் முன்பாதி அந்தப் பல்கலைக்கழகத்தின் காப்புரிமை அறக்கட்டளையின் ஆங்கில எழுத்துச் சுருக்கம். வைட்டமின் டி காப்புரிமையை வைத்து 1925-ல் தொடங்கிய அறக்கட்டளை அது. காப்புரிமையில் வரும் பணம் திரும்ப ஆராய்ச்சிக்கே போகிறது. மாணவர்களுக்கு ஆய்வு உதவித்தொகை எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் இப்படிப்பட்ட இடங்களைத்தான் பார்க்க வேண்டும்.

நம் எம்.எஸ்.சுவாமிநாதன் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு இங்கேதான் உருளைக்கிழங்கு ஆராய்ச்சிக்கு வந்தார். வேலை தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்று 1954-ல் ஊர் திரும்பினார். பட்டியல்படி அவர் முன்னாள் மாணவர் ஆகமாட்டார். எனக்கு அவர் போதும்.

இதே விஸ்கான்சின் பத்தியில் அத்தான் முதல் வரியில் எழுதியிருந்த பெயர் மைக்ரோசாஃப்ட் சத்யா நாதெள்ளா. அதை அடிக்கச் சொன்னபோது அவருக்கு முகம் வாடிவிட்டது. நாதெள்ளா 1990-ல் எம்.எஸ். முடித்தது விஸ்கான்சின்–மில்வாக்கியில். மேடிசன் வேறு, மில்வாக்கி வேறு. ஒரே மாநிலம், ஒரே குடும்பப் பெயர், இரண்டு பல்கலைக்கழகங்கள். அவளுடைய நிலையோடு அச்சாகப் பொருந்துகிற ஒரே ஆள் அவர்தான். இந்தியாவில் எலெக்ட்ரிக்கல் இளங்கலை முடித்துவிட்டு எம்.எஸ்.ஸுக்குப் போனவர். அவர் போன இடத்தின் பெயர் எங்கள் நோட்டில் ஒரு பத்தியாகக்கூட இல்லை. அவள் அங்கே விண்ணப்பமே போடவில்லை, தரவரிசையில் கீழே இருந்ததாம்.

மேடிசன் ஊர் மூன்றிலும் அழகு. மாநிலத் தலைநகர், இரண்டு ஏரிக்கு நடுவே நிலத்துண்டில் இருக்கிறது. ஜனவரியில் மெண்டோட்டா ஏரி உறைந்து ஜனங்கள் மேலே நடந்து போவார்கள். கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சரில், அதாவது பிராசஸரை உள்ளே எப்படி அடுக்குவது என்பதில், அந்த ஊர் பெரிய கை. அந்தத் துறையில் பேர் வாங்கிய குரீந்தர் சோஹி பல வருடம் பாடம் நடத்தியது அங்கேதான். அவர் முனைவர் பட்டம் வாங்கியது இல்லினாயில்! இந்த மூன்று ஊருக்கும் நடுவில் வேலி ரொம்பச் சின்னது. ஒன்றில் படித்தவர் இன்னொன்றில் பாடம் நடத்துகிறார். பர்டூவின் நானோ எலெக்ட்ரானிக்ஸ் பேராசிரியர் சுப்ரியோ தத்தாவும் இல்லினாயில் முனைவர் பட்டம் வாங்கியவர். சிப்பைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜாக் கில்பி இல்லினாயில் 1947-ல் இளங்கலை முடித்தார், விஸ்கான்சினில் 1950-ல் மாலை வகுப்புகளில் முதுகலை. அதற்கு முன்னால் எம்.ஐ.டி. நுழைவுத் தேர்வில் மூன்று மார்க்கில் தவறியவர்.

எம்.ஐ.டி. என்றதும் பர்டூ ஞாபகம் வருகிறது. நீல் ஆம்ஸ்ட்ராங்குக்கு எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. அவருக்குத் தெரிந்த ஒரே பொறியாளர் எம்.ஐ.டி.யில் படித்தவர். அவரே, நல்ல படிப்புக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்று தடுத்துவிட்டார். கடற்படை செலவில் 1947-ல் பர்டூ போனார், நடுவே கொரியப் போருக்குப் போய் விமானம் ஓட்டினார், திரும்பி வந்து 1955-ல் விமானப் பொறியியல் முடித்தார். நிலாவில் கடைசியாக நடந்த யூஜின் செர்னனும் பர்டூதான். இதுவும் தற்செயல் இல்லை. அமெரிக்காவில் சொந்த விமான நிலையம் வைத்திருந்த முதல் பல்கலைக்கழகம் அது. அமேலியா இயர்ஹார்ட் 1935-ல் அங்கே பெண்களுக்குத் தொழில் ஆலோசகராக இருந்தார். அவர் உலகைச் சுற்றப் புறப்பட்ட விமானத்துக்குப் பணம் வந்ததும் பர்டூ வழியாகத்தான்.

ஆம்ஸ்ட்ராங் இளங்கலைக்காரர், அடிக்கப்பட வேண்டியவர். மிச்சம் நிற்பவர் வேதியியல் விஞ்ஞானி சி.என்.ஆர்.ராவ். அவருக்கு எம்.ஐ.டி., கொலம்பியா, பென் ஸ்டேட், பர்டூ நான்கிலும் பண உதவியோடு இடம் வந்தது. பர்டூவைத் தேர்ந்தெடுத்தார். மூன்று வருடத்துக்குள் முனைவர் பட்டத்தை முடித்துவிட்டார், 1958-ல். பின்னால் பாரத ரத்னா.

பர்டூ இருக்கும் வெஸ்ட் லஃபாயெட் சின்ன ஊர். மேடிசன் மாதிரி ஏரி இல்லை, சுற்றிலும் மக்காச்சோளக்காடு. (இல்லினாயிலும் சோளம்தான். 1876-ல் தொடங்கிய சோதனைச் சோள வயலில் நிழல் விழக்கூடாது என்று நூலகத்தை மண்ணுக்கு அடியில் கட்டிய ஊர் அது.) ஆனால் பர்டூ அடிப்படைக் கல்விக் கட்டணத்தை 2012-13 அளவிலேயே பல ஆண்டுகளாக நிறுத்தி வைத்திருக்கிறது. டாலர் ஏறுகிற வேகத்துக்கு இது கடன் வாங்குகிறவர்களுக்குப் பெரிய விஷயம். பிர்க் நானோ மையத்தில் சிப்பைக் கையால் செய்து பார்க்கும் தூசியில்லா அறை இருக்கிறது. அவளுக்கு வந்த கடிதம் ஆய்வேட்டோடு எம்.எஸ். என்றது. உதவித்தொகை உறுதி இல்லை, இரண்டாம் செமஸ்டரில் கேட்டுப் பார்க்கலாம் என்ற அளவில்தான்.

விஸ்கான்சின் கடிதமும் ஆய்வேட்டோடுதான், அங்கேயும் பணம் உறுதி இல்லை. பண உதவி தருகிறோம் என்று எழுதியிருந்தால் ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் கேட்கலாம் என்பது அங்குள்ள பொது வழக்கம். இவளுக்கு அந்தக் கவலையும் இல்லை.

கடைசியில் கேள்வி ஒன்றாகச் சுருங்கியது. சிப்பை வடிவமைக்கப் போகிறாயா, சிப்பைச் செய்யப் போகிறாயா? வடிவமைக்க என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு மேடிசன் என்று சொல்லியிருப்பேன், கம்பளிக் கோட்டுக்குக் கூடுதலாகச் செலவானாலும். இல்லினாயில் ஆய்வேட்டோடு எம்.எஸ். கிடைத்திருந்தால் பேச்சே கிடையாது, பார்டீனும் ஹோலன்யாக்கும் விட்டுப்போன வழி அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. அவள் யோசிக்காமல் சொன்னாள், "செய்யணும்."

எழுந்து போய் லேப்டாப்பை எடுத்து வந்தாள். இறுதியாண்டு ப்ராஜெக்ட். அவள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டரை அளக்கும் கருவி ரிப்பேராகி இரண்டு வருடமாகத் துணி போர்த்திக் கிடந்ததாம். அதனால் நானோஹப் என்ற தளத்தில் இலவசமாக சிமுலேஷன் ஓட்டியிருக்கிறாள். இரவு பதினொன்றுக்கு மேல் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் உட்கார்ந்து, வளைவு வளைவாக எண்பது கிராஃப். அந்தத் தளம் பர்டூவில் இருந்து நடப்பது. அவள் கேட்டுப் படித்த பாட வீடியோக்களில் பாதி தத்தாவும் மார்க் லண்ட்ஸ்ட்ரோமும் நடத்தியவை. ஒன்றரை வருடமாக பர்டூவில்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள், வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

"இத முதல்லயே சொல்ல வேண்டியதுதான" என்றேன்.

"அப்பா நோட்டு போட்டு வச்சிருந்தாங்க, மாமா."

அன்று இரவே பர்டூவின் நானோ எலெக்ட்ரானிக்ஸ் குழுவில் இப்போது படிக்கும் இரண்டு மாணவர்களுக்கு மெயில் போட்டாள். தூசியில்லா அறையில் எம்.எஸ். மாணவர்களுக்கு உண்மையில் நேரம் ஒதுக்குகிறார்களா, முதல் வருடம் பண உதவி எத்தனை பேருக்குக் கிடைத்தது, வாடகை எவ்வளவு என்று மூன்றே கேள்வி. ஒருவர் பதில் போடவில்லை. இன்னொருவர் நீளமாக எழுதியிருந்தார், அதில் முகஸ்துதி எதுவும் இல்லை. நேரம் கிடைக்கும், ஆனால் பயிற்சி முடிக்க ஒரு செமஸ்டர் ஆகும். பணம் எல்லோருக்கும் கிடைக்காது, கிடைக்காது என்று வைத்தே கணக்குப் போடு. அந்தக் கணக்கையே போட்டோம். இறுக்கமாகத்தான் வந்தது, ஆனால் இல்லினாய் கணக்கைவிடக் குறைவு.

போன வாரம் கடன் விஷயமாக அத்தானோடு வங்கிக்குப் போயிருந்தேன். மேலாளர் பத்திரத்தைப் புரட்டிக்கொண்டே எந்தக் காலேஜ் என்று கேட்டார்.

"பர்டூ சார். நிலாவுல முதல்ல கால் வச்சவரு படிச்ச இடம்."

மேலாளர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சந்தோஷம். ஜாமீன் கையெழுத்து போட உங்க வீட்டம்மாவும் வரணும்" என்றார்.